சலங்கில் ஆணி அடித்தவன்

டொக்!

தனக்கோடியின் கட்டைவிரலுக்கு ஒரு நெல்மணி தூரத்தில், பலகையைத் துளைத்துக்கொண்டு ஓர் இரும்பு முனை எட்டிப் பார்த்தது.

“அய்யோ... எவன்டா அவன்!”

வெளியே, வேறு ஏதோ வேலை என்று அவள் நினைத்திருந்த சுத்தியல் சத்தம் சட்டென்று நின்றது. கயிறு கோக்கப் போட்டிருந்த துளையில் வெளிச்சம் மறைந்தது. அங்கே ஒரு கண்... கருகருவென்று, மிரண்டுபோய், அவளையே பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஒரு கண்!

அழகான கண்தான். அதற்காக விட்டுவிட முடியுமா? ஆணி இன்னும் கொஞ்சம் தள்ளி இறங்கியிருந்தால் விரலே போயிருக்கும்!

சலங்கு என்றால் பலகையோடு பலகை வைத்துத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே. உள்ளேயிருந்து துளையில் கயிற்றை விட்டால் வெளியே இருப்பவர் இழுத்து, அடுத்த துளையில் திருப்பி அனுப்ப வேண்டும். மருந்துக்கும் ஆணி கிடையாது. ஒல்லாந்தர் கப்பல்களுக்குப் பழவேற்காட்டுக் கரையில் ஆழம் போதாது. அதனால் தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு ஜம்மென்று நிற்கும். அதில் வருகிற ஆட்களையும் பெட்டிகளையும் மூன்று அலை வரிசை தாண்டிக் கரை சேர்ப்பது இந்தத் தையல் படகுதான். தனக்கோடியின் அப்பா துளசிங்கம் தோணிரேவுக் குப்பத்திலேயே பேர் போன தண்டேல். சலங்கின் பின்னால் நின்று திசை பிடிக்கிறவர். தையல் முடிந்து, பலகை இடுக்கில் அடைக்க அவர் வைக்கோல் கொண்டுவரப் போன நேரம் பார்த்துத்தான் இந்தக் கூத்து.

அவள் சலங்கிலிருந்து மணலில் குதித்தாள். சுத்தியலும் கையுமாக நின்றவனுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். தலையில் புது முண்டாசு. பலகையில் வரிசையாக ஏழு ஆணிகள்!

“யோவ்! இன்னா வேல பண்ணிட்டு கீற நீ?”

“உள்ள ஆளு இருக்குன்னு தெரியாதும்மா...”

“ஆளு கெடக்கட்டும். சலங்குல எவனாச்சும் ஆணி அடிப்பானா? உன் ஊர்ல தலையணைக்கும் ஆணிதான் அடிப்பாங்களா?”

அவன் முகம் சிவந்தது. பெயர் பூபதி. பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற ஊர். வண்டிச் சக்கரம் செய்வதில் கெட்டிக்காரன் என்று ஒல்லாந்தர் கோட்டையில் தச்சு வேலைக்கு எடுத்திருந்தார்கள். வந்து பத்து நாள்தான் ஆகிறது.

“கோட்டை மேஸ்திரி கட்டளை. கனமான பெட்டிங்க வருதாம். கயிறு தாங்காதுன்னு...”

“தாங்காதா! அலை அடிக்கறப்ப பலகை வளைஞ்சு குடுக்கணும்யா. ஆணி அடிச்சா எப்படி வளையும்? பொளந்துடும்!”

“நான் அடிச்ச ஆணி எந்த வண்டியிலயும் பொளந்தது இல்ல.”

“வண்டி மண்ணுல ஓடுது. இது கடலு!”

“எதுல ஓடினா இன்னா? என் வேலை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு.”

திமிரைப் பாரேன்! தனக்கோடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடப்பாறையை எடுத்து முதல் ஆணியை நெம்பப் போனாள். அதற்குள் கடல் பக்கம் கப்பலின் பீரங்கி ‘டும்’ என்றது. ஆட்களை இறக்கப் படகு கேட்கிறார்கள். இன்றைக்கு முறை துளசிங்கத்துடையது.

வைக்கோல் கட்டோடு ஓடிவந்த துளசிங்கம் ஆணிகளைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. ஆனாலும் மகளின் கையிலிருந்து கடப்பாறையை வாங்கிக் கீழே போட்டார்.

“நைனா! இதோட போவாத. முறைய அடுத்தவங்களுக்கு விட்டுக் குடு.”

“கோட்டை சொன்னத மறுத்தா நாளைக்கு என் கையில திசைத் துடுப்பு இருக்காது. துடுப்புப் போடற எட்டுப் பேரு என்னை நம்பி கீறாங்க. சும்மா இரு கண்ணு.”

யாரோ கரையில் நின்று கட்டளை போடுவார்களாம், யாரோ போய் சாக வேண்டுமாம்! அப்பாவைத் திட்ட மனசு வரவில்லை. திரும்பிப் பூபதியைப் பிடித்தாள்.

“என் நைனா உசுருக்கு நீ பொறுப்பா?”

“பொறுப்பு.”

“வாயால சொன்னா ஆச்சா? நீயும் ஏறு!”

ஒரே ஒரு கணம்... அந்தக் கருப்புக் கண்கள் கடலைப் பார்த்தன. அப்புறம் அவளைப் பார்த்தன. அவன் சுத்தியலை மணலில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. சலங்கு காலியாக இருந்ததால் மூன்று அலையையும் தாண்டிவிட்டது. அலைக்கு அப்பால் பூபதி திரும்பிப் பார்த்தது போலக் கரையில் நின்ற தனக்கோடிக்குத் தோன்றியது. ‘பெரிய இவன்’ என்று முணுமுணுத்துக்கொண்டாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

திரும்பும்போது தூறல் பிடித்தது. சலங்கில் இரண்டு ஒல்லாந்துச் சீமாட்டிகள், ஒரு பாதிரியார், மலை மாதிரி பெட்டிகள். முதல் அலை தூக்கிவிட்டது. இரண்டாவது அலையில்...

சடக்!

கரை வரைக்கும் கேட்டது அந்தச் சத்தம். ஆணி வரிசை ஓடிய இடத்தில் பலகை நீளத்துக்குப் பிளந்தது. சீமாட்டிகள் வீறிட்டார்கள். அலையில் சாய்ந்த சலங்குக்குள் பூபதி முண்டாசை அவிழ்ப்பதைத் தனக்கோடி பார்த்தாள். அவன் அதைப் பிளவில் திணித்தான், அப்புறம் முதுகை அதன்மேல் சாய்த்து, இரண்டு காலையும் எதிர்ப் பலகையில் உதைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீர் அவன் கழுத்து வரை ஏறியது. மூன்றாவது அலை மொத்தமாக மூடியது.

“நைனா!” என்றுதான் கத்தினாள். அடுத்து வாயில் வந்தது வேறு பெயர். அது அவளுக்கே ஆத்திரமாக இருந்தது.

சலங்கு மணலில் வந்து மோதியது. எல்லாரும் இருந்தார்கள். துளசிங்கம் இருந்தார். பூபதி முதுகு முழுக்க ரத்தக் கீறலோடு எழுந்து நின்றான்.

குடை பிடித்துக்கொண்டு வந்த மேஸ்திரி, “தண்டேலுக்குப் படகு விடத் தெரியல!” என்று ஆரம்பித்தான்.

“தண்டேல ஒரு வார்த்தை சொல்லாதீங்க,” என்றான் பூபதி. “ஆணி அடிக்கச் சொன்னது நீங்க. அடிச்சது நான். அவரு இல்லேன்னா இந்நேரம் எல்லாரும் கடலுக்குள்ள.”

அந்தப் பாதிரியாரும் தலையை ஆட்டி என்னமோ சொன்னார். மேஸ்திரி குடையோடு திரும்பினான். ஆனால் போகிற போக்கில், நாளையிலிருந்து கோட்டைப் பக்கம் வராதே என்று பூபதியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

துளசிங்கம் மகளிடம் வந்து மெதுவாகச் சொன்னார். “அந்தப் பையனுக்கு நீச்சலே தெரியாதாம் தனம்...”

‘நீயும் ஏறு’ என்று சொன்னது அவள்தானே!

மறுநாள் காலை கரைக்கு வந்தபோது அவன் அங்கே இருந்தான். ஏழு ஆணியையும் பிடுங்கி மணலில் வைத்திருந்தான். பிளந்த பலகையைக் கழற்றிப் புதுசு பொருத்தி, துளையும் போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

“தைக்கணும்னா வெளிய ஒரு ஆளு வேணுமில்ல...”

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். பலகை ஆளுயரம். வெளியே எதுவும் தெரியாது. கயிற்றைத் துளையில் விட்டாள். மறுபக்கம் லேசாக, பயந்து பயந்து இழுத்தது.

“சோறு தின்னலியா? நல்லா இழு!”

இழுத்தது. மழைக்கு முந்தின காற்று பலகையைத் தடவிப் போனது. நாலு துளை வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாவதில் முடியவில்லை.

“நீச்சல் தெரியாதவன் எதுக்குய்யா சலங்குல ஏறுன?”

“நீ ஏறுன்னு சொன்ன.”

“நான் சொன்னா? செத்துப் போயிருந்தா?”

துளையில் மறுபடியும் அந்தக் கண்... இன்றைக்கு மிரளவில்லை.

“தப்பு என்னுதா இருந்தா நானும் அதுல இருக்கணும்னு தோணிச்சு. அதுவும் இல்லாம... அந்த ஓட்டையில உன்னைப் பார்த்ததுலேருந்து நீ இன்னா சொன்னாலும் கேக்கலாம்னு இருக்கு. திட்டினாலும் சரி. நீ இல்லாம எனக்கு இனிமே பொன்னேரியும் வேணாம், கோட்டையும் வேணாம்...”

அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

“இன்னா ஆளுய்யா நீ! ராத்திரி பூரா கண்ண மூடினா நீ முழுவறதுதான் தெரியுது! ஒருத்திய இப்படிப் பயமுறுத்திட்டு, வந்து சாவகாசமா கயிறு இழுக்கற! எனக்கு உன்னைப் புடிச்சிருக்குய்யா! புடிச்சுத் தொலைச்சிருக்கு! போதுமா? நாளைக்கே நீ நீச்சல் கத்துக்கல... நானே உன்னை ஏரியில தள்ளி விட்டுடுவேன்!”

வெளியே ஒரு தொண்டை கனைப்பு. பூபதியுடையது அல்ல.

“கேட்டுச்சு கண்ணு,” என்றார் துளசிங்கம், வைக்கோல் கட்டைக் கீழே போட்டபடி. “எனக்கும் கேட்டுச்சு, வலை உலர்த்தற எட்டுப் பேருக்கும் கேட்டுச்சு. நீச்சல நான் கத்துக் குடுக்கறேன். நீ மொதல்ல சலங்கத் தைச்சு முடி.”

தனக்கோடி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். விரலிடுக்கில் பார்த்தபோது கயிற்றின் நுனி அடுத்த துளை வழியாக உள்ளே வந்து ஆடிக்கொண்டிருந்தது. மறுமுனை அவன் கையில்.

அவள் பிடித்து இழுத்தாள். இந்தத் தடவை அவன் விடவில்லை.