காகிதத் தெருவில் ஒரு காலி மனை

சுவா எங்கள் கடைக்கு வந்தபோது நல்ல வெயில். தைனான் நகரில் காகித வீடு செய்யும் தொழில் எங்களுடையது. இறந்தவர் குடியிருக்க அதை எரித்து அனுப்புவார்கள். சுவா கேட்டது வீடு அல்ல, ஒரு முழுத் தெரு. நீர்த்தேக்கத்தில் மூழ்கிப்போன அந்தத் தெருவின் பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார்.

“செத்துப்போன எங்கம்மாவுக்குத் தனியா இருந்தா பயம். அக்கம்பக்கம் எல்லாம் வேணும்.”

மூங்கில் சிம்பும் வண்ணக் காகிதமுமாகப் பன்னிரண்டு வீடுகள் எழும்பின. அவருடைய அம்மா வீட்டுக்கு எதிரே மட்டும் வரைபடத்தில் ஒரு கட்டம் பெயரில்லாமல் கிடந்தது. அதைக் காலியாகவே விடச் சொன்னேன். என் தம்பி தியேன்சுன், சொன்ன பேச்சைக் கேட்கிற ரகமா?

கோயிலுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் தெருவுக்குத் தீ வைத்த பிறகுதான் கவனித்தேன். அந்தக் கட்டத்தில் எங்கள் கடை நின்றது. அதே பச்சைக் கதவு. உள்ளே, பசைக் கிண்ணத்தோடு குட்டியாக என் தம்பி.

உயிரோடு இருப்பவரின் உருவத்தை எரிக்கக் கூடாது. எரித்தால் அவர் அங்கே போய்விடுவார். எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

நெருப்புக்குள் கையை விட்டேன்.

பொம்மை வந்துவிட்டது. ஓரம் மட்டும் கருகியிருந்தது.

“எருமை! சாகணும்னு அவ்வளவு ஆசையா உனக்கு?”

“சும்மா விளையாட்டுக்குத்தான்க்கா...” என்றவன் என் கையைப் பார்த்தான். முகம் வெளுத்தது. “ஒண்ணுதான் எடுத்தியா?”

“ஒண்ணுதானான்னா?”

“உன்னையும் செஞ்சு வெச்சேன்க்கா. பின்கட்டுல உக்காந்து காகிதம் வெட்டிட்டிருந்தே.”

தீ படபடத்தது. பச்சைக் கதவு சுருண்டு உள்ளே விழுந்தது.

நெருப்பில் விட்ட கையைப் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை. வலிக்கவே இல்லை.

தம்பியின் பொம்மை என் விரல்களிலிருந்து நழுவி அவன் காலடியில் விழுந்தது.

“அக்கா?” அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். “அக்கா, எங்கே போனே?”

அவன் என் முகத்துக்கு நேரேதான் நின்றுகொண்டிருந்தான். கத்தினேன். அவன் அழுதுகொண்டே என்னைத் தாண்டிப் போனான்.

புகை வாசனை அடங்கி, புதுப் பசையின் வாசனை வந்தது.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் குரல், ரொம்பப் பிரியமாகக் கேட்டது.

“எதிர் வீட்டுக்கு ஆள் வந்தாச்சா? நல்லதாப் போச்சு. தனியா இருந்தா எனக்குப் பயம்.”