அரியாங்குப்பத்தில் ஒரு ஹைட்ரஜன் கொலை

போன் அலறியது.

காலை எட்டு மணி. மூலக்குளம் வீட்டில் ஹெட் கான்ஸ்டபிள் ஆதிமூலம் ஒரு கால் பேன்ட்டுக்கு உள்ளேயும் மறு கால் வெளியேயுமாக நின்றிருந்தார். அப்படியே நொண்டிப் போய் எடுத்தார்.

"ஏட்டய்யா... நான் கொளஞ்சி பேசறேன். அரியாங்குப்பம் ஷெட்டு வாட்ச்மேன். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள கொன்னு போட்டுட்டானுங்க."

"யாரைய்யா?"

"நம்ம வண்டிய."

ஆதிமூலம் பேன்ட்டைக் கை நழுவ விட்டார். செத்தது ஆளாக இருந்தால் மனுஷன் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்!

'நம்ம வண்டி' என்றால் ஹைட்ரஜன் ஸ்கூட்டர். வினோத்குமார் என்கிற பையன் செய்தது. பாரிஸில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய டெக்னாலஜி என்று சொல்லியிருந்தான். ஊரில் முப்பது பேர் அவன் கம்பெனியில் பங்கு சேரக் காத்திருந்தார்கள். ஆதிமூலம் அதில் முதல் ஆள்.

அந்தப் பங்குக்காக இன்று பதினொரு மணிக்கு அவருடைய ஒரே மனை விற்பனைக்குப் போகிறது. ரிட்டயராக இரண்டு மாதம்தான் பாக்கி. இந்த வயசில் மனையும் போய், வண்டியும் போனால், மிச்சம் அவரும் அவருடைய சிவப்பு போலீஸ் தொப்பியும்தான்.

மனை மனைவி ஜெயத்தின் பேரில் இருந்தது. பத்திரம் பீரோவில். பீரோ சாவி ஜெயத்தின் இடுப்பில்.

"ஜெயம், நம்ம வண்டிய எவனோ கொன்னுட்டானாம். பத்திரத்தை எடுத்து வை. நான் அரியாங்குப்பம் போயிட்டு வந்துடறேன்."

சமையல்கட்டிலிருந்து பதில் வந்தது.

"வண்டியே செத்துப் போச்சு, இன்னும் என்னாத்துக்குப் பத்திரம்?"

"வேற வண்டி செய்வாங்க. ஹைட்ரஜன்தாம்மா இனிமே. பேட்டரின்னா நாலு மணி நேரம் சார்ஜ் ஏத்தணும். இது மூணே நிமிஷம்... ரொப்பிக்கினு போயிட்டே இருக்கலாம்."

"எங்க ரொப்புவீங்க? நம்ம ஊர்ல ஹைட்ரஜன் பங்க்கு எங்க இருக்கு?"

"வரும்."

"கரண்ட்டுல தண்ணியப் பிரிச்சி ஹைட்ரஜன் எடுக்கணும். அத அமுக்கி சிலிண்டர்ல அடைக்கணும். மறுபடியும் அதக் கரண்ட்டாக்கி சக்கரத்தச் சுத்தணும். மூணு இட்லிக்கு மாவு ஊத்தி ஒரு இட்லி எடுக்கற கதை. அந்தக் கரண்ட்ட நேரா பேட்டரில ஏத்தினா ஆவாதா? கப்பலுக்கு, இரும்பு ஃபேக்டரிக்குன்னா ஹைட்ரஜன் சரி. கடைக்குப் போற ஸ்கூட்டருக்கு எதுக்குங்க?"

தவளக்குப்பத்துக்குத் தையல் கிளாஸ் போய் வருகிறவளுக்கு இவ்வளவு விஷயம் எப்படித் தெரியும்?

"யூட்யூப்ல பாத்தேன்" என்றாள், கேட்காமலே.

ஆதிமூலம் தொப்பியை மாட்டினார்.

"சாம்பார் வெச்சிட்டியா? அந்தத் தண்ணிலதானே?"

'அந்தத் தண்ணி' பூஜை அறையில் கேனில் இருந்தது. ஹைட்ரஜன் வண்டி புகை விடாது, தண்ணீர்தான் விடும். அதைப் புகைக்குழாயில் பிடித்து, பங்குதாரர் ஆகப் போகிறவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லிட்டர் கொடுத்திருந்தான் வினோத்குமார். ஆதிமூலம் அதற்குச் சந்தனம், குங்குமமெல்லாம் வைத்திருந்தார். நல்ல காரியம் நடக்கிற நாளில் அதில்தான் சாம்பார் என்பது அவருடைய உத்தரவு.

"வெச்சிடறேன், போங்க."

* * *

அரியாங்குப்பம் ஷெட்.

பிணம் மல்லாந்து கிடந்தது. நீல நிறம். முகப்பு விளக்கு நசுங்கி, ஹேண்டில்பார் வளைந்து... பக்கத்திலேயே ஒரு கடப்பாரை. வினோத்குமார் டயரைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"பேட்டரிக்காரனுங்க வேலை சார். நம்ம வண்டி வந்தா அவனுங்க கடைய மூடணும்ல? நாளைக்கு காலேஜ் புரொஃபசர் வந்து வண்டியப் பிரிச்சிப் பாக்கறதா இருந்துச்சு. அதுக்குள்ள..."

"அழாதப்பா."

"உங்க மனைக் காசு வந்துட்டா ஒரே மாசத்துல வேற வண்டி செஞ்சிடுவேன் சார். பதினோரு மணிக்கு வந்துடுவீங்கல்ல?"

ஆதிமூலம் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். இப்பேர்ப்பட்ட துக்கத்திலும் தொழிலை மறக்காத பிள்ளை!

மணி ஒன்பதே முக்கால். மறுபடி போன். ஜெயம்.

"ஏங்க... பருப்பு வேகல."

"கொலை நடந்த எடத்துல நிக்கறேன் ஜெயம். பருப்பு பருப்புங்கற."

"பன்னண்டு விசிலு விட்டுட்டேன். கூழாங்கல்லு மாதிரி இருக்கு. உப்புத் தண்ணிலதான் இப்பிடி ஆவும். அரியாங்குப்பம் போர்த் தண்ணில எங்க அக்கா வீட்ல இப்பிடித்தான் ஆவும்."

"அதுக்கு?"

"இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துறோமே, சுத்தமான தண்ணி... ஹைட்ரஜன் வண்டில வர்ற தண்ணியும் அப்பிடித்தான இருக்கணும்? அதுல உப்பு எங்கேர்ந்துங்க வந்துச்சு?"

போன் வைக்கப்பட்டது.

ஆதிமூலம் போனைப் பையில் போட்டார். பிறகு மெல்லக் குனிந்தார். ஸ்கூட்டரின் புகைக்குழாயில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, நாக்கை நீட்டி நக்கினார்.

கொளஞ்சி வாயைப் பொத்திக்கொண்டான்.

உப்புக் கரித்தது.

"கொளஞ்சி, அந்தக் கடப்பாரைய எடு."

"சார், வேணாம் சார்... பிரான்ஸ் டெக்னாலஜி சார்..." வினோத்குமார் குறுக்கே விழுந்தான்.

நெம்பினார்கள். சீட்டுக்கு அடியில் ஹைட்ரஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. அதன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதிலிருந்து புகைக்குழாய்க்கு ஒரு ட்யூப், டப்பாவில் பாதியளவு தண்ணீர். கால் வைக்கிற பலகையைப் பெயர்த்தபோது அது வெளியே வந்தது...

கனமான ஒரு பேட்டரி!

ஆதிமூலம் வினோத்குமார் பக்கம் திரும்பினார். "நீதான் கொன்னியா?"

"புரொஃபசர் பிரிச்சிப் பாத்தா மாட்டிக்குவேன் சார். வேற வழி தெரில."

"பேட்டரில ஓடறத பேட்டரி வண்டின்னே வித்திருக்கலாமேடா. நல்லாத்தானே ஓடிச்சு?"

"ரெண்டு வருஷம் அப்பிடித்தான் சார் கூவினேன். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. ஹைட்ரஜன்னேன், பாரிஸ் சித்தப்பான்னேன்... நீங்களே கேன்ல தண்ணி புடிக்க க்யூல நின்னீங்க."

ஆதிமூலம் விலங்கை மாட்டினார். கொஞ்சம் இறுக்கமாகவே மாட்டினார்.

* * *

மதியம். மூலக்குளம்.

மனை தப்பித்தது. அந்தச் சந்தோஷத்தில் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். ஜெயம் சாம்பார் ஊற்றினாள். ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்தார்.

"பருப்பு வெண்ணெ மாதிரி வெந்திருக்கே?"

"அஞ்சே விசிலு."

"அப்போ அந்தத் தண்ணி?"

"புகைக்குழாய்ல புடிச்ச தண்ணிய யாருங்க சமையலுக்கு எடுப்பா? நான் மூடியக் கூடத் தொறக்கல."

சோற்றுக் கை பாதியில் நின்றது.

"அப்புறம் எப்பிடித் தெரியும்?"

ஜெயம் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பையன் போன மாசம் எங்க கடைக்கு வந்து பேட்டரி வாங்கினான். எதுக்குத் தம்பின்னு கேட்டேன். தையல் மிஷினுக்குன்னான். நேத்து நீங்க அவன் போட்டோவக் காட்டினப்பதான் புரிஞ்சிது. அரியாங்குப்பம் ஷெட்டுல புடிச்சி ஊத்தினா அது போர்த் தண்ணியாத்தான இருக்கும்?"

"எங்க கடையா?"

"தவளக்குப்பத்துல நானும் என் சிநேகிதி சந்திரகலாவும் பேட்டரிக் கடை வெச்சி எட்டு மாசம் ஆவுது. தையல் கிளாஸ்லாம் ஒண்ணும் இல்ல."

"கடைக்கு ஏது பணம்?"

"மனைப் பத்திரம் பேங்க்ல அடகு இருக்கு. காலைல நேராச் சொன்னா, உனக்கெப்பிடித் தெரியும்னு ஆரம்பிப்பீங்க. கடைசில பீரோவத் தொறக்கச் சொல்லுவீங்க. அதான் பருப்பு மேல பழியப் போட்டேன்."

பொய்ச் சாட்சி. ஆவணம் மறைப்பு. போலீசைத் திசை திருப்பியது. மூன்று செக்‌ஷன்கள் ஆதிமூலத்தின் நாக்கு நுனி வரை வந்தன.

"கடை... ஓடுதா?"

"நீங்க ரிட்டயர் ஆனதும் கல்லால உக்கார ஒரு ஆளு வேணும். நேரத்துக்கு வரணும், கொஞ்சம் நம்பிக்கையான ஆளா இருக்கணும்."

முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் எத்தனையோ குற்றவாளிகளைப் பிடித்தவர் ஆதிமூலம். வேலை போட்டுக் கொடுத்த குற்றவாளி இவள் ஒருத்திதான். சட்டம் தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்தார்... பிறகு, இன்னொரு அப்பளம் கேட்டார்.