ஒரு துளியும் உள்ளே வரக்கூடாது!

தொலைபேசி அலறியது!

விசுவமடுவில் தன் புது வீட்டில் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்த தங்கராசா, இடது கையால் அதை எடுத்தார். முல்லைத்தீவுக் கடற்கரையில் அவர் கட்டிவரும் ஐஸ் தொழிற்சாலையின் காவலாளி கணபதி பேசினான்.

"முதலாளி... நிலத்துக்குக் கீழ கட்டின தாங்கிக்குள்ள தண்ணி!"

"தாங்கிக்குள்ள தண்ணி இல்லாமல் சாராயமோடா இருக்கும்?"

"நாங்கள் இன்னும் ஒரு வாளிகூட விடேல்லையே! கீழயிருந்து ஊறுது... உப்புத் தண்ணி. ஒரு மூலையில வெடிச்சிருக்கு. அடித்தட்டை உடைச்சுத் திரும்பக் கொங்கிறீட் போடவேணுமாம். மேசன் சொல்லுறான்."

தங்கராசா பிட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உடைக்கிறதோ? ஆரடா உடைக்கச் சொன்னது? அலவாங்கு தூக்கினவன்ர கையை முறிப்பன்!"

கணபதி வெலவெலத்துப் போனான். ஒரு வெடிப்புக்கா இவ்வளவு கோபம்?

காரணம் இருந்தது...

அந்த அடித்தட்டின் கீழே கொலின்ஸ் கிடந்தான்!

கொலின்ஸ், கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர். தங்கராசா வேலி போட்டு வளைத்த கரை, அவனுடைய ஆட்கள் பரம்பரையாகக் கரைவலை இழுத்த இடம். "வேலியைக் கழட்டுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் அவன்தான். பங்குனியில் ஒரு மாலை, "வா, கதைச்சுத் தீர்ப்பம்" என்று தங்கராசா அழைத்தார். போனான். கம்பி வெட்டும் இடத்தில் பின்மண்டையில் ஓர் அடி. நீலத் தார்ப்பாய்ப் படங்கில் சுற்றி மணலுக்குள் இறக்கினார். மறுநாள் மேலே கொங்கிறீட் விழுந்தது.

"கொலின்ஸ் போட்டில ஒஸ்ரேலியா போயிட்டானாம்" என்று அவரே ஊருக்குள் ஒரு கதையையும் அவிழ்த்துவிட்டார். அப்படிப் போனவர்கள் அந்தக் கரையில் இல்லாமலா? ஊர் நம்பியது.

ஒருத்தியைத் தவிர!

*

அந்த ஒருத்தி இப்போது தாங்கிக்குள் நின்றாள். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் சுத்தியல். பெயர் கலிஸ்ரா. வவுனியாவில் நீர்க்கசிவு தடுக்கும் வேலை எடுத்துச் செய்பவள். கொலின்ஸின் ஒரே தங்கை!

சிறுவயதிலிருந்தே வவுனியாவில் படித்து வளர்ந்தவளைத் தங்கராசாவுக்குத் தெரியாது. அண்ணனின் கடைசி அழைப்பு அவளுக்குத்தான் வந்தது. "தங்கராசாவோட கதைக்கப் போறன். நாளைக்குக் கொங்கிறீட் போட முதல் நிப்பாட்ட வேணும்..." அதோடு சரி.

உப்புக் காற்றும் நிலத்தடி நீரும் சும்மா விடுமா? எந்தத் தாங்கியும் அங்கே ஒருநாள் கசியும். அதனால் முல்லைத்தீவின் கட்டடச் சாமான் கடைகளில் எல்லாம் தன் பெயர் அட்டையைக் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த அட்டையைப் பார்த்துத்தான் தங்கராசா அவளை அழைத்திருந்தார்.

"உடைக்காமல் செய்யலாமோ பிள்ளை?" மேலேயிருந்து தங்கராசா எட்டிப் பார்த்தார்.

அவள் மூலைகளைத் தட்டினாள். மூன்று மூலைகளில் 'டங்' என்றது. வெடித்த மூலையில்... 'டொப்'!

அங்கே மட்டும் அடியில் மண் இறுகவில்லை. யாரோ தோண்டி, திரும்ப நிரப்பியிருக்கிறார்கள். அது தாழ்ந்ததால்தான் தட்டு வெடித்திருக்கிறது.

அண்ணா... இதுக்குள்ளயா இருக்கிறாய்?

சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"செய்யலாம் ஐயா. உள்ளுக்கிருந்தே அடைப்பன். உடைக்கவே தேவையில்லை!"

"அப்பாடா!" என்றார் தங்கராசா. அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை அங்கேயே அடித்துக் கொல்லலாம் போல அவளுக்கு இருந்தது.

*

இன்ஸ்பெக்டர் சிவகரன் உதட்டைப் பிதுக்கினார்.

"டொப் எண்டு சத்தம் கேட்டதெண்டு சொல்லி நீதவானிட்ட உத்தரவு கேக்கேலாது தங்கச்சி. ஒருத்தற்ற கட்டடத்தை உடைக்கிறதெண்டால் பலமான சாட்சி வேணும்."

"அப்ப உடைக்காமல் எடுத்தால்?"

"எப்பிடி? மந்திரம் போட்டோ?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஐப்பசி மழை தூறத் தொடங்கியிருந்தது.

*

வேலை தொடங்கியது. தாங்கியைச் சுற்றிக் குழாய் இறக்கி, நிலத்தடி நீரைப் பம்பியால் இறைத்தார்கள். வெடிப்பைக் கொத்தி விரித்து, ஊசிக்குழாயால் பசையை அழுத்தி ஏற்றினாள். துருப்பிடித்த கம்பிகளைச் சுரண்டினாள். சுவரும் தரையும் மூடுமளவுக்குப் பூச்சு... அதன் மேல் இன்னொரு பூச்சு!

ஆனால் ஆறுதலாக! கார்த்திகை முழுவதும் இழுத்தாள்.

"ஏன் அக்கா இவ்வளவு சுணக்கம்?" கணபதி கேட்டான்.

"காய வேணும் கணபதி. அதுசரி... உங்கட முதலாளி மார்கழியில நல்ல காரியம் ஒண்டும் தொடங்கமாட்டாராமே?"

"ஐயோ! ஒரு ஆணிகூட அடிக்க விடார்!"

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

கார்த்திகையின் கடைசி நாளில் பம்பியை நிறுத்தினாள். தங்கராசா ஏணியால் இறங்கி, தரையைக் கையால் தடவினார். காய்ந்து கிடந்தது.

"ஒரு துளியும் உள்ள வரப்படாது பிள்ளை! வந்தால் தெரியும்தானே?"

"வராது ஐயா. பத்து வருச உத்தரவாதம் தாறன். எப்ப தண்ணி விடுறியள்?"

"நாளைக்கு மார்கழியெல்லே பிறக்குது! பொங்கல் முடிய ஐயரைக் கூப்பிட்டுப் பூசை செய்துதான் முதல் வாளி. அதுவரைக்கும் வெறுந்தாங்கிதான். மழை விழாமல் மேல தகரம் போடுறன்."

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவள் தொழிலில் உள்ள எவரும் சொல்லியிருப்பார்கள்.

அவள் சொல்லவில்லை!

"உங்கட வழக்கம் ஐயா. அதை மாத்தாதேங்கோ" என்றாள்.

அன்று பின்னேரமே சிவகரன் சீறினார். "என்ன வேலை பார்த்தனீங்கள்? உங்கட அண்ணான்ர புதைகுழியை நீங்களே பூசி மெழுகிப்போட்டியளே!"

"ஓம் சேர். வடிவாய்த்தான் பூசினனான்" என்றாள் கலிஸ்ரா. "மழை பெருத்தால் உங்கட போனைப் பக்கத்தில வைச்சிருங்கோ."

*

மார்கழி!

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வயல், வாய்க்கால், களப்பு எல்லாம் ஒன்றாயின. கடற்கரை மணலில் கையால் தோண்டினாலே நீர் வந்தது.

ஒரு விடியலில் தங்கராசாவின் தொலைபேசி மறுபடி அலறியது.

"முதலாளி... தாங்கி... தாங்கி எழும்பிட்டுது!"

"விடியவே சாராயம் போட்டிட்டியோடா?"

"சத்தியமாய் முதலாளி! மண்ணுக்குள்ளயிருந்து வெளியில வந்து சரிஞ்சு நிக்குது! சனமெல்லாம் வந்திட்டுது... பொலிசும்!"

வாகனம் வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது. இறங்கிய தங்கராசாவின் கால்கள் சேற்றில் புதைந்தன.

கணபதி பொய் சொல்லவில்லை!

தகரக் கூரை தாங்கியோடு சேர்ந்து சரிந்து, அதை மூடியபடியே கிடந்தது. அவ்வளவு பெரிய கொங்கிறீட் தாங்கி, ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே கிளம்பி நின்றது. அடைத்த மூலையின் கீழே மணல் கரைந்து ஒரு பெரிய குழி. குழியிலிருந்து பொலிசார் இழுத்துக் கரையேற்றிய ஒரு நீலப் படங்குப் பொதி, கட்டு அவிழ்க்காமல் கிடந்தது.

"தாங்கிக்கு முட்டுக் குடுத்துத்தான் எடுத்தனாங்கள். ஒரு கல்லும் உடைக்கேல்லை" என்றார் சிவகரன். "இது என்னெண்டு தெரியுமோ ஐயா?"

"எனக்கென்ன தெரியும்? எனக்கும் கொலின்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!"

சிவகரன் நிதானமாகச் சொன்னார். "பொதியை இன்னும் நாங்கள் அவிழ்க்கேல்லையே ஐயா... கொலின்ஸ் எண்டு ஆர் சொன்னது?"

தங்கராசா வாகனப் பக்கம் திரும்பினார்; ஒரு பொலிஸ்காரர் குறுக்கே வந்து நின்றார்.

கணபதி முன்னுக்கு வந்தான். "சேர்... கொங்கிறீட் போட முதல் நாள் முதலாளி என்னை வேளைக்கே வீட்டை போகச் சொன்னவர். போற வழியில கொலின்ஸ் அண்ணை இஞ்ச வாறதைக் கண்டனான்."

கரைவலைக்காரர்களோடு நின்ற கலிஸ்ரா முன்னே வர, படங்கு அவிழ்க்கப்பட்டது. விரலில் சிலுவை பொறித்த செபமாலை மோதிரம். முதற் சம்பளத்தில் கலிஸ்ரா அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தது.

அவள் சேற்றில் முழங்காலிட்டாள். வாய்விட்டு அழுதாள். கரைவலைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

பிறகு எழுந்து, விலங்கு பூட்டப்பட்ட தங்கராசாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் கொலின்ஸின்ர தங்கச்சி."

"நீயோ... நீ அடைச்சுத் தந்தனியெல்லோ!" அவர் குரல் கீச்சிட்டது. "எப்பிடி எழும்பினது? எப்பிடி?"

"உங்களைக் காப்பாத்திக்கொண்டிருந்ததே அந்தக் கசிவுதான் ஐயா! தண்ணி உள்ளுக்கு வந்திருந்தால் தாங்கி பாரத்தில அமந்து கிடந்திருக்கும். ஒரு துளியும் வராமல் அடைச்ச வெறுந்தாங்கி வள்ளம் மாதிரி. கீழ தண்ணி ஏறினால் மிதக்கும். மாரிக்கு முதல் நிரப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் மார்கழியெல்லே!"

"என்னை ஏமாத்திப்போட்டாய்!"

"ஏமாத்தினதோ? ஏறிப் பாருங்கோ, உள்ளுக்கு இப்பவும் காஞ்சுதான் கிடக்கு!"

சிவகரன் அவரை ஜீப்பை நோக்கித் தள்ளினார். கலிஸ்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"ஐயா! தாங்கிக்கு நான் பத்து வருசம் தந்தனான்... உங்களுக்கு எத்தினை வருசமெண்டு கோர்ட்டில சொல்லுவினம்!"