கண்ணாடி ஜன்னல் வைத்த சிப்

ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவே இருக்கிறது தயானியின் குடும்பம் குடியிருக்கும் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அன்று சனிக்கிழமை காலை. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த தயானி அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்குள் வழக்கமாகக் கேட்கும் ஏதோ ஒரு சத்தம் இல்லை.

ஜன்னலோர மேசையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி இருந்தது. இரண்டு வாரமாக ‘உம்’ என்று முனகிக்கொண்டே இருந்த பெட்டி அது. இப்போது மூச்சுக் காட்டவில்லை. முன்பக்கத்தில் சிவப்பாக எரியும் எண்களையும் காணோம். உள்ளே இருந்த பல்பு அணைந்திருந்தது.

தயானி வீட்டு லைட்டைப் போட்டுப் பார்த்தாள். எரிந்தது. அப்படியானால் கரண்ட் போகவில்லை. பெட்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது.

உள்ளே இருந்த ஒன்பது முட்டைகளும் கருப்பியின் முட்டைகள். கருப்பி அவள் ஆசையாக வளர்த்த கோழி. அடைகாத்துக்கொண்டிருந்தபோதே அதைக் கீரி பிடித்துக்கொண்டு போய்விட்டது.

அன்று அந்த முட்டைகளைக் காப்பாற்றியவர் ஷம்ரா அக்கா. பெரகலைச் சந்தியில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவர். மூடிப்போன கோழிப் பண்ணை ஒன்றிலிருந்து வந்த இந்தப் பழைய பெட்டி அவருடைய கடையில் சும்மா கிடந்தது. தயானி விஷயத்தைச் சொன்னதும், அன்று மாலையே அதைத் தன் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

பெட்டியின் பக்கவாட்டில் சின்ன மூடி ஒன்று உண்டு. அது திறந்து கிடப்பதைத் தயானி இப்போதுதான் கவனித்தாள். உள்ளே, பூரானைப் போல இரண்டு பக்கமும் கால்கள் வைத்த ஒரு சிப் இருந்தது. அதன் முதுகில் ஒரு வெள்ளி ஸ்டிக்கர். ஸ்டிக்கர் சுருங்கி, கோணலாக ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று பாதி தெரிந்தது.

“இந்த ஸ்டிக்கர்ல மட்டும் யாரும் கை வைக்க வேணாம்” என்று ஷம்ரா அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“பிரதீஷ்” என்று தயானி கூப்பிட்டாள்.

மூன்று வீடு தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாலும் ஒரு குரலுக்கு ஓடி வருகிற தம்பி, இன்று வரவில்லை. அதிலேயே பாதிப் பதில் தெரிந்துவிட்டது.

அவனைத் தேட இப்போது நேரமில்லை. தயானி ஒரு முட்டையை எடுத்து, மூடிய கண்ணிமையில் வைத்துப் பார்த்தாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது. அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்த நீர் சூடாகியிருந்தது. அதை இரண்டு போத்தல்களில் ஊற்றி, துவாயால் சுற்றி, முட்டைகளுக்கு இரண்டு பக்கமும் வைத்துப் பெட்டியை மூடினாள். பிறகு, கொழுந்து பறிக்கப் போன அம்மா வீட்டில் விட்டுப்போன ஃபோனை எடுத்து ஷம்ரா அக்காவை அழைத்தாள்.

எல்லாவற்றையும் கேட்ட ஷம்ரா அக்கா, “முட்டைக்குச் சூடு குடுத்துட்டியா? நல்ல வேலை செஞ்ச. முதல்ல பெட்டி வயரை பிளக்குல இருந்து கழட்டிரு. அந்த ஸ்டிக்கர் எத்தன நாளா அப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“தெரியலையேக்கா. மூடியை நான் தெறந்து பார்க்கவே இல்ல.”

“அதைத்தான் இப்ப தெரிஞ்சுக்கணும். எந்த நேரம் பல்பு எரியணும், எந்த நேரம் அணையணும்னு எல்லாமே அந்த சிப்போட ஞாபகத்துலதான் இருக்கு. கண்ணாடி வழியா வெயில் பட்டுக்கிட்டே இருந்தா அது அழிஞ்சு போயிரும். ஒரு வாரம் நல்ல வெயில் பட்டிருந்தா என்னாலயும் ஒன்னும் செய்ய முடியாது. ஒரு நாள், ரெண்டு நாள்னா பயமில்ல. தம்பிகிட்ட கேட்டுச் சொல்லு.”

தயானி ஜன்னலைப் பார்த்தாள். காலை வெயில் நேராகப் பெட்டியின் மேல்தான் விழும்.

பிரதீஷ் விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். ஏழு வயசுக்காரன் முழுவதுமாக ஒளிய அந்த விறகு போதவில்லை. ஒரு முழங்கால் வெளியே தெரிந்தது.

அவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்ற ஆத்திரம்தான் அவளுக்கு முதலில் வந்தது. ஆனால் அதட்டினால் அவன் என்ன சொல்வான் என்பது தயானிக்குத் தெரியும். “நான் இல்ல” என்பான். அந்தப் பதிலால் முட்டைகளுக்கு ஒரு பயனும் இல்லை.

அவள் அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். “முட்டை இன்னும் சூடாத்தான் இருக்குடா. ஆனா எனக்கு ஒரு ஆள் உதவி வேணும்.”

விறகுக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. “குஞ்செல்லாம் செத்துப் போச்சா?”

“இல்ல. ஆனா ஸ்டிக்கரை எப்ப எடுத்தாங்கனு தெரிஞ்சாத்தான் ஷம்ரா அக்காவால திருத்த முடியும். நான் ஏசவே மாட்டேன்.”

“அம்மா?”

“அம்மாகிட்ட நானும் கூட வந்து சொல்றேன்.”

முழங்கால் உள்ளே போய், முகம் வெளியே வந்தது. “நேத்து பின்னேரம்தான் எடுத்தேன். பளபளன்னு இருந்திச்சு, என் விளையாட்டு லொறிக்குக் கண்ணாடி வைக்க. அப்ப ஒரே மழை. அப்புறம் பயமா இருந்திச்சு. இன்னிக்குக் காலையில திரும்ப ஒட்டினேன். ஒட்டவே இல்ல. அதான் நல்லா அமுக்கி அமுக்கி ஒட்டினேன். உடனே பெட்டி அணைஞ்சு போச்சு.”

தயானி அவனை இழுத்துக்கொண்டு ஃபோனுக்கு ஓடினாள். அவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

மறுமுனையில் ஷம்ரா அக்கா நீளமாக மூச்சு விட்டார். “அமுக்கினானா? அப்ப ஞாபகம் போகல. ஒரு பக்கம் அமுக்கினதுல சிப்போட மறுபக்கம் சொக்கெட்டை விட்டு எழும்பியிருக்கும். இரு, நானே வர்றேன்.”

பெரகலையிலிருந்து ஸ்கூட்டர் வந்து சேர்வதற்குள் தயானி இன்னொரு தடவை போத்தல்களில் சூடு தண்ணீர் மாற்றிவிட்டாள். துவாயை மடித்துப் பிடித்தவன் பிரதீஷ்.

ஷம்ரா அக்கா பெட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். சிப்பின் ஒரு முனை நெல் மணி அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கால்களைச் சரிபார்த்து, இரண்டு முனைகளையும் மெல்ல அழுத்தினார். ‘டிக்’ என்று உட்கார்ந்தது. கண்ணாடியின் மேல் புது ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

“பிளக்கைப் போடு தயானி.”

தயானி போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பிரதீஷ் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். பிறகு சிவப்பு எண்கள் ஒருமுறை சிமிட்டி எரிந்தன. பல்பு எரிந்தது. பெட்டி ‘உம்’ என்றது. இவ்வளவு இனிமையான முனகலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“முட்டைங்க?” என்று தயானி மெதுவாகக் கேட்டாள்.

ஷம்ரா அக்கா ஜன்னலைச் சாத்தி, ஒரு முட்டைக்குப் பின்னால் டோர்ச்சைப் பிடித்தார். முட்டை விளக்குப் போலச் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. நடுவில் கறுப்பாக ஒரு நிழல். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நிழல் சட்டென்று உதைத்தது.

“என்னைப் பார்த்துத்தான் கால் ஆட்டுது” என்றான் பிரதீஷ்.

தயானிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு முட்டையாகப் பார்த்து முடித்த பிறகுதான் அவளுக்குத் தேத்தண்ணி போட ஞாபகம் வந்தது.

“அந்தச் சிப் ரொம்பப் பழசாக்கா?” என்று கேட்டுக்கொண்டே கோப்பையை நீட்டினாள்.

“இதோட குடும்பம் வந்தது 1976-ல. அதுக்கு முன்னால பெரும்பாலும் ஒரு மெஷின் யோசிக்கிறதுக்கு ஒரு சிப், ஞாபகம் வச்சுக்க இன்னொன்னு, மத்ததுகளோட பேச இன்னொன்னுனு பல சிப் வேணும். இன்டெல் கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் ஒரே சிப்புல வச்சாங்க. மூத்தவரு பேரு 8048. தொழிற்சாலையில சொல்லிக் குடுத்ததுதான், கடைசி வரைக்கும் மாத்த முடியாது. முதல்ல வந்த ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரோட கீபோர்டுக்குள்ள இருந்தது அவருதான். உங்க பெட்டியில இருக்கிறது 8748. இவருக்குக் கண்ணாடி ஜன்னல் உண்டு. விசேஷ விளக்கு ஒன்ன அடிச்சுப் பழசை அழிச்சிட்டு, புதுசாச் சொல்லிக் குடுக்கலாம்.”

“எவ்வளவு ஞாபகம் வச்சிருக்கும்?”

“உன் கொப்பியில ஒரு பக்கம் எழுதுற அளவுதான். அதை வச்சே இத்தன வருசமாக் குஞ்சு பொரிக்குது. குடும்பத்துல 8035-னு இன்னொருத்தனும் இருக்கான். அவன் தலையில பாடம் ஒன்னும் இருக்காது. எல்லாத்தையும் பக்கத்துச் சிப்பைப் பார்த்துத்தான் செய்வான்.”

“எங்க வகுப்புல சுதர்சன் மாதிரி” என்றான் பிரதீஷ்.

“நீ யாரைப் பார்த்து எழுதுற?” என்று தயானி கேட்டாள்.

“சுதர்சனை.”

ஷம்ரா அக்காவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது.

பின்னேரம் அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கி வைப்பதற்குள் பிரதீஷ் முன்னால் போய் நின்றான். தயானி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்தது வரை அவன் எதையும் விடாமல் சொன்னான். அம்மா நேராகப் போய்ப் பெட்டிக் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு கையில் பட்டதும் முகம் இளகியது.

“லொறிக்குக் கண்ணாடி வேணும்னா என்கிட்ட கேக்கக் கூடாதா?” என்று சொல்லி, பழைய பவுடர் டப்பாவின் மூடியிலிருந்து வட்டக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

அடுத்த வாரம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில், பெட்டிக்குள் ‘டொக், டொக்’ என்று கேட்டது. ஒரு முட்டையில் நட்சத்திரம் போல விரிசல் விழுந்திருந்தது. அதிலிருந்து குட்டி அலகு ஒன்று எட்டிப் பார்த்தது. அக்காவும் தம்பியும் புத்தகப் பைகளை முதுகில் மாட்டியபடியே அதன் முன்னால் முழங்காலிட்டார்கள். ஈரக் குஞ்சு ஓட்டை உதைத்துத் தள்ளிவிட்டு, தள்ளாடி எழுந்து, ‘கீச்’ என்றது.

அன்று இருவரும் பிந்தித்தான் பள்ளிக்கூடம் போனார்கள். ஏன் பிந்தியது என்று டீச்சர் கேட்டார். பிரதீஷ் சொல்லத் தொடங்கிய பதில் இடைவேளை மணி அடித்த பிறகும் முடியவில்லை.