ஒன்பதாம் எண்ணின் மூன்று எழுத்துகள்

டேன் வெஸ்ட்பி போய்விட்டான்.

காலைச் செய்தியில் அதைக் கேட்டபோது எங்கள் போர்ட் ஹெலன் ஊரில் பாதிப் பேருக்குக் காபி இறங்கவில்லை. பதினோரு வருஷமாக ஆங்கர்ஸ் என்கிற எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், அவன்தான். பந்து அவன் கையிலிருந்து கிளம்பினால்தான் எங்களுக்கு ஆட்டமே. போகிறவன் எங்கேயாவது தொலைதூரத்துக்குப் போயிருக்கக் கூடாதோ... ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஜென்மப் பகையாளி, ஸ்டாலியன்ஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்தான்.

கடைத் தெருவில் மாரிட்டின் தையற்கடை திறக்கும் முன்பே, மார்ச் மாதத்துக் குளிர் மழையில் வரிசை நின்றது. எல்லார் கையிலும் அவனுடைய ஒன்பதாம் எண் ஜெர்சி. முதுகிலே தைத்திருக்கிற அவன் பெயரைப் பிரித்தெடுக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. துரோகம் செய்தவன் பெயர் முதுகில் இருக்கக் கூடாது. எண் இருக்கலாம், எண் யாருக்கும் சொந்தமில்லை.

மாரிட்டின் அப்பா ஆர்வில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரிக்கிற எழுத்தெல்லாம் அதிலே விழ வேண்டும், சனிக்கிழமை மைதானத்துக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கொளுத்த வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுத்து, கூடவே வெஸ்ட்பியின் பரம்பரையையும் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்.

மாரிட் தலை நிமிரவே இல்லை. ஜெர்சி வரும், ஊசியை விடுவாள், எழுத்துகள் உதிரும், அடுத்தது. மத்தியானம் தாண்டி ஒரு ஜெர்சி வந்தது. வெயிலில் வெளுத்து, கழுத்தோரம் கடுகுச் சாஸ் கறையோடு. சர் சர்ரென்று மூன்று எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

“ஐயோ... நிறுத்துங்க, நிறுத்துங்க...”

அப்போதுதான் நிமிர்ந்தாள். மழைத் தண்ணீர் புருவத்தில் சொட்ட ஒருவன் நின்றான். அவன் கண்கள்... மழை பெய்கிறபோது ஏரிக்கு வருமே ஒரு சாம்பல் நிறம், அதே நிறம். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவனோடு சண்டை போடுவது கஷ்டம் என்று அவளுக்கு உடனே தோன்றியது. அதனாலேயே குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

“என்னங்க, பேரைப் பிரிக்கத்தானே வந்தீங்க?”

“இல்லங்க. கடைசி எழுத்து லேசா பிஞ்சிருந்துச்சு. தைச்சு வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

காபிக் குவளைகள் பாதி வழியில் நின்றன. இன்றைக்குப் போய், இந்தக் கடையில் வந்து, அந்தப் பெயரைத் தைக்கச் சொல்கிறானே என்று அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆர்வில் மெல்ல எழுந்தார். “தம்பி, நீ ஏரிக்கு அந்தப் பக்கத்துக்காரனா?”

“இல்ல சார். எமெட். கவுன்ட்டி ரோட்டுல பனி தள்ற வண்டி ஓட்டுறேன். உங்க வாசல் பனியையும் நான்தான் தள்ளி விடுறேன்.”

“அப்புறம் உனக்கு ரோஷம் இல்லயா?”

எமெட் தலையைச் சொறிந்தான். “அவன் போயிட்டான் சார், வருத்தம்தான். ஆனா பதினோரு வருஷம் கை மரத்துப்போற குளிர்ல நின்னு கை தட்டுனது நான். அந்தச் சந்தோஷம் என்னோடது. அதை அவன் தூக்கிட்டுப் போகலயே. நான் ஏன் பிச்சுப் போடணும்?”

பாதியில் நின்ற குவளைகள் மறுபடி வாய்க்குப் போயின. மாரிட்டுக்கு மட்டும் நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு தையல் பிரிந்த மாதிரி இருந்தது.

புது எழுத்து வைத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. அதே எழுத்துதான் வேண்டும், அதே வெளுப்போடு. பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் கிடக்கிறதே, எப்படித் தேடுவது என்றாள். நிதானமாகத் தேடுங்கள், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று ஜெர்சியை மேஜையிலேயே விட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

சரியான பிடிவாதக்காரன்... என்று முணுமுணுத்தாள். அவன் தெருமுனை திரும்பும்வரை கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

அன்று சாயங்காலமே அப்பா வெளியே போன நேரம் பார்த்துப் பெட்டியைக் கொட்டித் தேடினாள். வெளுப்பும் கறையும் அடையாளம் காட்டின. மூன்று எழுத்தும் கிடைத்துவிட்டன. பொத்தான் டப்பாவில் போட்டு மூடினாள். சனிக்கிழமை பெட்டி சாம்பலாயிற்று.

வெள்ளிக்கிழமை எமெட் வந்தான். “கெடச்சுதா?”

வாய் தவறியதா, மனசு தவறியதா, அவளுக்கே தெரியாது.

“இன்னும் இல்ல... தேடிட்டிருக்கேன்.”

“சரி, அடுத்த வெள்ளி.”

இப்படியே ஏப்ரல் போயிற்று. மே மாதத்தில் ஒரு எழுத்தை எடுத்துக் காட்டினாள். அவனுக்கு முகமெல்லாம் பல். இந்தச் சந்தோஷத்தில் மீன் வாங்கித் தரட்டுமா என்றான். வெள்ளிக்கிழமை என்றால் பொரித்த மீன், ரை மாவு ரொட்டி, முட்டைக்கோசுப் பச்சடி... எங்கள் ஊரில் கஞ்சன்கூட அன்றைக்கு வீட்டில் சாப்பிட மாட்டான். அப்பா ஆர்வில் மட்டும் தொலைக்காட்சியில் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பார். அதனால் பயமில்லை என்று போனாள்.

அவன் அதிகம் பேச மாட்டான். பேசினால் சிரிக்க வைப்பான். கோடையில் பனி இல்லாதபோது கவுன்ட்டி நிர்வாகம் அவனை ரோட்டோரப் புல் வெட்ட விடுமாம். வேலி தாண்டி வந்து படுத்திருக்கிற பசுக்கள் எழுந்து வழிவிடாதாம், ஆனாலும் உங்க அப்பாவின் பிடிவாதத்துக்கு அவை எவ்வளவோ மேல் என்றான். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். வீட்டுக்குத் திரும்பும்போது, ஜூலைக்குள் இரண்டாவது எழுத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்று தனக்குத் தானே கட்டளை போட்டுக்கொண்டாள்.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆகஸ்டில் யாரோ ஆர்விலின் காதில் போட்டுவிட்டார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மாரிட்டும் பதிலுக்குப் போட்டிருப்பாள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

“அந்த ஒன்பது நம்பர்காரன் வேணாம்மா. போனவனைத் தலைல தூக்கி வெச்சு ஆடுறவன் நமக்கு ஆகாது. உங்க அக்கா போனப்பவே நான் பட்டது போதும்.”

அக்கா சோல்வெய்க் ஐந்து வருஷத்துக்கு முன்னால் எதிர்க்கரைக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். ஸ்டாலியன்ஸ் கொடி பறக்கிற வீடு. அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் பெயர் பேசப்பட்டதில்லை. அப்பாவுக்கு மிச்சமிருப்பவள் மாரிட் ஒருத்திதான். அவளும் வீம்புக்குக் கிளம்பிவிட்டால்... அந்த மனுஷன் யாருக்குக் காபி ஊற்றுவார்?

மறுநாள் மூன்று எழுத்தையும் எடுத்துத் தைத்தாள். இரட்டை நூலில், தேவைக்கு மேல் அழுத்தமாக. வெள்ளிக்கிழமை எமெட் வந்ததும் ஜெர்சியை நீட்டினாள். இனிமேல் வர வேண்டாம், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றாள். அவன் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தான். ஜெர்சியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கதவு மணி கிணுங்கியது. அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் மணி கிணுங்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள். ஜிப் மாற்ற வந்தவர்கள், ஓரம் அடிக்க வந்தவர்கள். அழுகை வந்தது. மெஷினை வேகமாக மிதித்தாள்.

அக்டோபரில் ஸ்டாலியன்ஸ் எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது, வெஸ்ட்பியோடு. ஊரே அவனைக் கேலியாகக் கூவித் தள்ளுவதற்காகத் தொண்டையைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தது. லேசான தூறல்.

எங்கள் மைதானத்தில் நாற்காலி கிடையாது, சாய்மானமில்லாத நீள பெஞ்சுதான். கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு தோளோடு தோள் இடித்துத்தான் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட பெஞ்சில் ஆர்விலுக்கும் மாரிட்டுக்கும் நடுவே ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. அங்கே அவருடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருந்தது. ஐந்து வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. சோல்வெய்க்குக்காக வருஷா வருஷம் சீட்டு எடுத்துவைக்கிற இடம் அது. விற்கவும் மாட்டார், யாரையும் உட்கார விடவும் மாட்டார். ஏன் என்று கேட்டால், பை வைக்க இடம் வேண்டாமா என்பார்.

வெஸ்ட்பி மைதானத்துக்குள் வந்தான். அறுபதாயிரம் வாயும் திறந்தது. ஆர்வில் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

வெஸ்ட்பி தலைக்கவசத்தைக் கழற்றினான். தெற்குப் பக்கத்துப் பெஞ்சுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்தான்.

ஆர்விலின் கைகள் இறங்கின. பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“கால் இழுக்குது பாரு அவனுக்கு...” என்றார். “அங்க ஒழுங்கா கவனிக்கிறானுங்களோ என்னவோ.”

அப்பா அழுகிறாரா, தூறலா என்று மாரிட்டுக்குத் தெரியவில்லை. அவர் கை பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தது. அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

“அப்பா... அக்கா பேரையும் பிரிச்சுப் போட்டீங்க. இடத்தை மட்டும் ஏன் விடல?”

அவர் பையிலிருந்த மழைத் துளிகளைத் துடைத்தார். பிறகு பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த ஒன்பது நம்பர்காரன் எங்க உட்கார்ந்திருக்கான்?”

“மேல... கடைசி வரிசை.” தேடாமலே சொன்னாள். வந்ததும் முதல் வேலையாக அவள் பார்த்துவைத்ததே அதைத்தானே.

“கூப்பிடு. ஆனா உங்க அக்கா வந்தா அவன் எந்திரிக்கணும். அதையும் சொல்லிடு. நாளைக்கு அவளுக்குப் போன் போடுறேன்.”

மாரிட் படியேறினாள். அத்தனை பேரும் கூவிக்கொண்டிருந்த கூட்டத்தில் அவன் ஒருவன் வாயை மூடிக்கொண்டு, அந்த வெளுத்த ஜெர்சியில் நனைந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். அப்பா சொன்னதைச் சொல்லத்தான் ஏறி வந்தாள். வாயில் வந்தது வேறு.

“ஒரு பொய் சொல்லிட்டேன் எமெட். மூணு எழுத்தும் முதல் நாளே கெடச்சிடுச்சு.”

“தெரியும்.”

“எப்படி...?”

“சனிக்கிழமை பெட்டியைக் கொளுத்துனீங்க. ஞாயித்துக்கிழமை அந்தச் சாம்பலை அள்ளுனது கவுன்ட்டி வண்டி. ஓட்டுனது நான். பெட்டியே இல்லாதப்ப எதுல தேடுவ?”

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. “தெரிஞ்சுமா ஒவ்வொரு வெள்ளியும் வந்தே?”

“நீ தேடிட்டிருக்கேன்னு சொல்றப்ப உன் முகத்தைப் பார்க்கணும்னுதான் வந்தேன். இந்த ரெண்டு மாசமா வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கல, மாரிட்.”

“எனக்கும்தான்...” என்றாள். “எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. அந்த மழையில வந்து நின்னியே, அப்பவே.”

அவன் சிரித்தான். சாம்பல் நிறக் கண்கள் கலங்கியிருந்தன. அப்பா சொல்லியனுப்பியதை அவள் அப்போதுதான் சொன்னாள். இருவரும் படியிறங்கி வந்தார்கள். ஆர்வில் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

எமெட் அவள் காதருகே குனிந்தான். “உங்க அக்கா வந்தா நிஜமாவே எந்திரிக்கணுமா?”

மாரிட் அவன் கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“வேணாம். இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்காருவோம்.”