ரெண்டு ரேமும் என் கையில்

நான் பேய் பிசாசுன்னு கதை விடுத ஆளு இல்லை. பேரே சுடலைக்கண்ணன், பேய்க்குப் பயந்தா பேருக்குத்தான் கேவலம். தாராவியில பதினாறு வருசமா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். கண்ணால கண்டதை மட்டும் சொல்லுதேன், நம்புனா நம்புங்க.

போன ஜூலையில மழை கொஞ்சம் வெறிச்ச ஒரு காலையில மாட்டுங்காவுக்குப் போனேன். லிப்ட் இல்லாத பழைய பில்டிங், மூணாவது மாடி. வெங்கடராமன் சார் பேங்க்ல ரிட்டயர் ஆனவரு. வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது ரேம், அதான் மெமரி, போடணும்னு போன்ல சொல்லியிருந்தாரு. கதவைத் திறந்தது அவரு வீட்டம்மா, பாகீரதி மாமி. வாங்கன்னுகூடச் சொல்லலை. ஒரு ரூமைக் கைகாட்டிட்டு அடுக்களைக்குள்ள போயிட்டாங்க.

பூட்டியே கிடந்த ரூமு. பாச்சை உருண்டை வாசம் மூக்கில ஏறுச்சு. அதுக்கு அடியில நனைஞ்ச குடையோட வாசம்.

குடை எதுவும் அங்க இல்லை.

கம்ப்யூட்டர் டப்பாவைத் திறந்து தூசியைத் தட்டி, பழைய ரேமைக் கழட்டி, புதுசை ரெண்டு முனையும் 'கிளிக்'னு விழுத மாதிரி அழுத்துனேன். டெஸ்ட் ஓட விட்டேன். ரேம்ல எதையாவது எழுதும், எழுதினது அப்படியே இருக்கான்னு திரும்பப் படிக்கும், தப்பு இருந்தா சிவப்பாக் காட்டும். முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்திலதான் சார் தானாவே சொன்னாரு.

மானசான்னு ஒரே மக. ஒரு பையனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கா. இவருக்குப் பிடிக்கலை. கோவம் வந்தா பேச மாட்டேன், அது என் சுபாவம்னாரு. நாலு நாள் பேசலை. நேர்ல சொல்ல முடியாம அந்தப் பிள்ளை காலையில இந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து அவருக்கு எழுதியிருக்கா. இவரு வந்து மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டாரு. அவ குடையை எடுத்துக்கிட்டு ஆபீசுக்குக் கிளம்பியிருக்கா. நல்ல மழை, லோக்கல் டிரெயின்ல கூட்டம். வாசல்ல தொங்கிட்டுப் போனவ விழுந்துட்டா. இது நடந்து ரெண்டு வருசம்.

டெஸ்ட் முடிஞ்சுது. ஒரு சிவப்புகூட இல்லை. வேலை முடிஞ்சுதுன்னு நான் எந்திரிச்சேன்.

"கண்ணன், அவ சேவ் பண்ணலை. எழுதினது பழைய ரேம்லதானே இருந்தது? அதை மாட்டிப் பாரு. என்னைத் திட்டியிருந்தாலும் பரவால்லை, என்ன எழுதினான்னு தெரியணும்."

எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. இதுக்கா வேலை மெனக்கெட்டு என்னைக் கூப்பிட்டீருன்னு கேக்க வாயெடுத்தேன். அவரு அந்தப் பழைய ரேமை ரெண்டு கையாலயும் எடுத்து நீட்டினதைப் பாத்துட்டு அடக்கிக்கிட்டேன். கரண்ட் போன அந்த நிமிசமே ரேம்ல எல்லாம் அழிஞ்சிரும் சார், சாமியே வந்தாலும் எடுக்க முடியாதுன்னு பக்குவமாச் சொன்னேன். ஒரே ஒருதரம்னு கெஞ்சினாரு. பாவமா இருந்துச்சு.

டப்பாவுக்கும் ஸ்கிரீனுக்கும் உள்ள ரெண்டு பிளக்கையும் சுவத்துல இருந்து பிடுங்கித் தரையில போட்டேன். புது ரேமைக் கழட்டி இடது கையில வச்சுக்கிட்டேன். வலது கையில பழசு. ரேம் இல்லாத மிஷின் கரண்ட் இருந்தாலும் 'பீப் பீப்'னுதான் கத்தும், வேற ஒண்ணும் செய்யாது.

டப்பாவுக்குள்ள ஃபேன் சுத்த ஆரம்பிச்சுது.

பீப் வரலை.

ஸ்கிரீன் வெளிச்சமாச்சு.

கீபோர்டுல ஒவ்வொரு பட்டனா அமுங்குச்சு. யாரோ யோசிச்சு யோசிச்சு அடிக்குத மாதிரி நிதானமா. பம்பாய்ப் பிள்ளைங்க எழுதுத மாதிரி இங்கிலீஷ் எழுத்துல தமிழ்.

"அப்பா, நீங்க சம்மதிக்கலேன்னா நான் இந்தக் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். ஆனா நீங்க பேசாம இருக்கறதை என்னால"

அங்க நின்னுச்சு. அவரு ஸ்விட்சை அணைச்ச இடம்.

சார் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "பேசறேன்மா, பேசறேன்" அப்படின்னு அழுதாரு. வாசல்ல மாமி நின்னு படிச்சாங்க. மூணு மாடியும் எப்படி இறங்குனேன்னு தெரியலை. கடைக்கு வந்து பாத்தா ரெண்டு ரேமும் என் கையிலேயே இருக்கு.

டிசம்பர்ல மாமி போன் பண்ணாங்க. அன்னையிலேருந்து அவர் அந்த ரூமை விட்டு வரலையாம். நாள் பூரா ஸ்கிரீனோட பேசுதாராம், அடுத்த வார்த்தை வரும்னு.

"என்னோட ஒரு வார்த்தை பேசி அஞ்சு மாசம் ஆச்சு கண்ணன். வந்து அதை எடுத்துண்டு போயிடு."

பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போனேன். பிளக் ரெண்டும் நான் போட்ட இடத்திலேயே தரையில கிடந்துச்சு, மேல தூசி. ஸ்கிரீன்ல அதே பாதி வரி. சார் பாதி ஆளா இளைச்சுப் போயிருந்தாரு, என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. டப்பாவைத் தூக்கக் கை வச்சேன்.

பட்டன் அமுங்குச்சு.

"தாங்க முடியலை. அம்மாவையும் வருஷக்கணக்கா இப்படித்தான் தண்டிக்கறேள். அவ எங்கிட்ட மட்டும்தான் பேசறா. நான் போயிட்டா யார்கிட்ட பேசுவா?"

சார் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் திரும்பினாரு. வாசல்ல மாமி.

"பாகீ" அப்படின்னாரு. மாமி சத்தமில்லாம அழுதாங்க.

ஸ்கிரீன் தானா அணைஞ்சுது.

டப்பாவைத் தோள்ல வச்சுக்கிட்டு வெளிய வந்தேன். கதவுக்குப் பக்கத்துல தரையில வட்டமாத் தண்ணி நின்னுச்சு, இப்பத்தான் யாரோ நனைஞ்ச குடையை மடக்கிச் சாத்தி வச்ச மாதிரி.

வெளியில சுள்ளுனு வெயில் அடிச்சுக்கிட்டிருந்துச்சு.