போட்டு வாங்கோ

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தாதியாக வந்த முதல் வாரத்திலேயே சுகிர்தாவின் பெயர் தொலைந்துபோனது. சொந்த ஊர் முருங்கனில் வீதியால் நடந்தால் நாலு பேராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே கட்டிலுக்கொரு பாஷை. எந்தப் பாஷையிலும் அவள் வெறும் 'மிஸ்ஸி'தான். வேலை முடிந்தால் வாடகை அறை, இடியப்பப் பார்சல், நாலு சுவர்.

ஏழாம் கட்டில் யூஜினா அன்ரி ஒருவர்தான் பெயர் கேட்டார். கைலேஞ்சித் துணியில் ஓடிக்கொலோன் வாசனைத் தைலம் மணக்க, மோதிர விரலால் கட்டில் கம்பியில் மூன்று தரம் தட்டிக் கூப்பிடுவார்.

"சுகிர்தா, சாப்பிட்டியோ?"

"ஓம் அன்ரி."

"பொய்யைப் பார். முகமே சொல்லுது. உந்தப் பிஸ்கட்டை எடு மகள்."

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், மழை இருட்டுக்குள், அன்ரி சத்தமில்லாமல் அடங்கிப்போனார். மகன் ரொஷான் வந்து மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டான். உடலை ட்ரொலியில் வைத்து லிஃப்டுக்குள் தள்ளும்போது சுகிர்தா கதவடியில் நின்றாள். ஊரில் வாசல் படலையடியில் நின்று, போய்விட்டுத் திரும்பி வரட்டும் என்று எல்லோருக்கும் சொல்கிற சொல், தன்பாட்டில் வாயில் வந்தது.

"போட்டு வாங்கோ, அன்ரி."

ட்ரொலியைத் தள்ளிய ஊழியர் றோஸி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன பிள்ளை சொன்னாய்? செத்த வீட்டில இருந்து வெளிக்கிடுற சனமே 'போட்டு வாறன்' எண்டு சொல்லாது. நீ செத்த ஆளையே திரும்பி வரச் சொல்லிப்போட்டியே!"

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் ஏழாம் கட்டிலுக்கு ஸமீமா உம்மா வந்தார். நடு மெத்தையில் கிடத்தினாலும் சற்று நேரத்தில் விளிம்புக்கு ஒதுங்கி, ஒரு கை கீழே தொங்கக் கிடப்பார். இரண்டு தரம் விழப் பார்த்தார்.

"உம்மா, நடுவில படுங்கோ. விழுந்தால் இடுப்பு முறிஞ்சிடும்."

"எப்பிடி மிஸ்ஸி? இங்க ஒரு மனிசி படுத்திரிக்காங்களே. அவங்களுக்கும் எடம் வேணுமே."

சுகிர்தா மெத்தையின் மற்றப் பாதியில் கையை வைத்தாள்.

ஐஸ்.

குனிந்தாள்.

ஓடிக்கொலோன்.

மூன்றாம் நாள் உம்மாவின் உதடு நீலம் பாய்ந்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. டொக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. றோஸி சுகிர்தாவைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கூப்பிட்டது நீ. அனுப்ப வேண்டியதும் நீதான். 'போங்கோ' எண்டு மட்டும் சொல்லு. வாங்கோ எண்டு மறந்தும் சொல்லிப்போடாதை."

"அவ மட்டும்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவ, றோஸியக்கா."

"அதுக்காக உயிரோட இருக்கிற மனிசியைச் சாகக் குடுப்பியோ?"

பின்னேரம் நாலு மணி. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதி ஓய்ந்தது. சுகிர்தா ஏழாம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். உம்மா விளிம்பில், மூச்சு அறுந்து அறுந்து வர, கண்மூடிக் கிடந்தார்.

டிங்.

டிங்.

டிங்.

கம்பியில் எந்தக் கையும் இல்லை.

"சுகிர்தா... சாப்பிட்டியோ?"

பயத்துக்கு முன்னால் அழுகைதான் வந்தது. அன்ரி போன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு சீவனும் இருக்கவில்லை. உம்மாவின் தொங்கும் கையை எடுத்து நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தாள்.

"சாப்பிட்டன், அன்ரி. நீங்கள்..."

யாரையும் அவள் அப்படி அனுப்பியதில்லை. நாக்கு கூசியது.

"நீங்கள் போங்கோ."

மணம் மெல்லக் கலைந்தது. உம்மா நீளமாக மூச்சு விட்டு, நடு மெத்தைக்குப் புரண்டார். அவர் உள்ளங்கையில் சூடு ஏறியது. சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கப் போனாள்.

காதோரம், விடைபெறும் விருந்தாளியின் மரியாதையோடு, அந்தக் குரல் சொன்னது.

"சரி மகள். போட்டு வாறன்."